திருமணம்: மாறிய கணக்கு, மாறாத வழக்கம்

உறவினர் வீட்டு விசேஷங்களில் இன்று மூன்று முறையீடுகள் தவறாமல் காதில் விழுகின்றன. மகனைப் பெற்றவர்கள், "முப்பத்தைந்து வயதாகிறது, பெண் கிடைக்கவில்லை" என்கிறார்கள். மகளைப் பெற்றவர்கள், "வரன் வருகிறது, அவள்தான் சம்மதிக்க மறுக்கிறாள்" என்கிறார்கள். இரண்டுக்கும் அப்பாற்பட்ட பெரியவர்கள், "குடும்பநல நீதிமன்றத்தில் நிற்க இடமில்லையாமே" என்று பெருமூச்சு விடுகிறார்கள். மூன்றுக்கும் காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, பண்பாடு இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கான இளைஞர்கள் ஒரே திசையில் முடிவெடுக்கிறார்கள் என்றால், அதைத் தனிமனித ஒழுக்கக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்கள் முன்னால் உள்ள வாய்ப்புகளும் செலவுகளும் மாறியிருக்க வேண்டும். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் இன்றைய திருமணத்தின் நிலை விளங்கும்.

அன்றைய திருமணம் ஆற்றிய பணிகள்

திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம் முன்னோர் சொன்னதில் ஒரு நடைமுறை உண்மை இருந்தது. வேளாண் சமூகத்தில் குடும்பமே உற்பத்திக்கூடம். நிலம், மாடு, ஆள் பலம் மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடாகத் திருமணம் இருந்தது. வங்கி இல்லாத ஊரில் கடன் தரும் இடமும், காப்பீடு இல்லாத காலத்தில் கைகொடுக்கும் இடமும், ஓய்வூதியம் இல்லாத முதுமையில் சோறு போடும் இடமும் சம்பந்தி வீடும் பிள்ளை வீடுமாகவே இருந்தன.

இது வெறும் ஊகம் அன்று. மார்க் ரோசன்ஸ்விக், ஓடெட் ஸ்டார்க் என்ற இரு பொருளியலாளர்கள், இந்தியாவின் வறண்ட கிராமங்களில் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மகள்களைத் தொலைவான ஊர்களில் மணமுடித்துக் கொடுப்பது, மழை பொய்க்கும் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியாகவும் செயல்பட்டது என்பது அவர்களின் கண்டறிதல். இந்த ஊரில் மழை தவறினாலும் சம்பந்தி ஊரில் விளைந்திருக்கும். அங்கிருந்து உதவி வரும். தமிழகத்திலோ அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கம் வேறொரு பாதுகாப்பை அளித்தது. சொத்து வெளியே போகாது. பெண்ணும் அறிமுகமில்லாத வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தமிழகத் திருமணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இன்றும் உறவுக்குள் நடப்பதை தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

இத்தகைய ஏற்பாட்டில் மணமக்களின் விருப்பம் பின்னுக்குத் தள்ளப்பட்டதில் வியப்பில்லை. முடிவின் பலனும் இழப்பும் இரண்டு குடும்பங்களைச் சாரும்போது, முடிவெடுக்கும் உரிமையையும் குடும்பத்தின் மூத்தோர் தம் கையில் வைத்துக்கொண்டனர். பிரிந்து செல்வதென்பது இரண்டு ஊர்களின் உறவை அறுப்பதற்குச் சமம். எனவே எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். மகிழ்ச்சியாக வாழ்ந்தார்களா என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை; குறிப்பாகப் பெண்களிடம் கேட்கவில்லை.

கேரி பெக்கர் சொன்னது

திருமணத்தைப் பொருளியல் கண்ணாடி வழியே முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர். 1973-74 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளும், 1981-இல் வெளிவந்த குடும்பம் பற்றிய நூலும் பெரும் விவாதத்தை எழுப்பின. 1992-இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதில் இந்த ஆய்வுகளுக்கும் பங்குண்டு.

அவர் கூறியதன் சாரம் எளிமையானது. ஒருவர் வெளியே சென்று ஈட்டுவதிலும் மற்றவர் வீட்டைப் பேணுவதிலும் தேர்ச்சி பெற்றால், தனித்தனியே வாழ்வதைவிடச் சேர்ந்து வாழ்வதில் இருவருக்கும் ஆதாயம் கிடைக்கும். நாடுகளுக்கிடையே வணிகம் நடைபெறுவதற்கு எது காரணமோ அதுவே இல்லறத்துக்கும் பொருந்தும் என்றார். அந்தக் கோட்பாட்டிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பெண்ணின் ஈட்டும் திறன் ஆணுக்கு நிகராக உயரும்போது, இந்தப் பழைய வேலைப் பிரிவினையால் விளையும் ஆதாயம் சுருங்கும். திருமணம் தள்ளிப்போகும், சில திருமணங்கள் நடக்காமலே போகும், சில முறியும்.

பெக்கரின் கோட்பாட்டில் குறைகள் உண்டு. வீட்டுக்குள் யாருடைய சொல் எடுபடுகிறது என்பதை அது போதிய அளவு கவனிக்கவில்லை என்று பெண்ணியப் பொருளியலாளர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். எனினும், நம் கண்முன் நிகழும் மாற்றத்தின் திசையை அது முன்கூட்டியே சொன்னது என்பதை மறுப்பதற்கில்லை.

மாறியது என்ன?

தமிழகத்தில் இந்த மாற்றத்தை அரசே முன்னின்று நடத்தியது. 1967-இல் நிறைவேற்றப்பட்ட இந்துத் திருமணச் சட்டத்தின் தமிழகத் திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. 1989-இல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை அளிக்கும் திருத்தத்தைத் தமிழகம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அந்த உரிமை 2005-இல்தான் வந்தது. உயர்கல்வி வயதுடையோரில் கல்லூரியில் சேர்ந்திருப்போரின் விகிதம் தமிழகத்தில் 47 விழுக்காடு என்றும், அகில இந்திய அளவில் 28 விழுக்காடு என்றும் 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. அதில் தமிழகப் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழகத்தில் இருக்கிறார்கள்.

ஒரே ஓர் அரசுத் திட்டத்தின் வரலாறே இந்த மாற்றம் முழுவதையும் சொல்லிவிடும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டம் 1989-இல் தொடங்கியது. பெண்ணைப் படிக்க வைத்தால் திருமணத்துக்கு உதவி என்பது அதன் அடிப்படை. பின்னாளில் பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய், அத்துடன் தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016-க்குப் பிறகு 8 கிராம் தங்கம் என அது விரிந்தது. 2022-இல் அதே அம்மையாரின் பெயரில் அத்திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் திட்டத்தில் படிப்பு வழி, திருமணம் இலக்கு. இரண்டாம் திட்டத்தில் படிப்பே இலக்கு. தாலிக்குத் தங்கம் கொடுத்த அரசு, அந்தப் பணத்தைக் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பியிருக்கிறது. அந்த மாணவியிடம் போய் "படித்தது போதும், வந்த வரனை ஒத்துக்கொள்" என்று வீடு சொல்லும்போதுதான் மோதல் தொடங்குகிறது.

மாறாதது: செலவு

பெண்ணின் கல்வியும் வருமானமும் உயர்ந்தால் வரதட்சிணை தானாகக் குறையும் என்று நாங்கள் பாடம் நடத்திய காலம் உண்டு. நடைமுறை அவ்வாறு இல்லை. தமிழகத்தின் பல சமூகங்களில் முற்காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தாம் பெண்ணுக்குப் பரியம் போட்டார்கள். வயலில் உழைக்கும் ஒரு கரத்தை இழக்கும் பெண் வீட்டுக்கு அது ஈடு. இருபதாம் நூற்றாண்டில் படித்த, மாதச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளைகளுக்குப் போட்டி ஏற்பட்டபோது பணம் ஓடும் திசை மாறியது. பரியம் சடங்காகச் சுருங்கி, வரதட்சிணை வழக்கமாகப் பெருகியது.

வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. 1960 முதல் 2008 வரை கிராமப்புற இந்தியாவில் நடந்த 40,000 திருமணங்களின் தரவை ஆராய்ந்து உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர் உள்ளிட்ட குழு 2021-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவற்றில் 95 விழுக்காட்டுத் திருமணங்களில் வரதட்சிணை கொடுக்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் செய்த சீரைவிடப் பெண் வீட்டார் செய்தது சராசரியாக ஏழு மடங்கு. நாட்டில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சிணை மரணங்கள் இன்றும் பதிவாகின்றன.

இன்று படித்த குடும்பங்களில் "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்பது நாகரிகமான சொல்லாடல். அந்த வாக்கியத்தின் விலை சவரனில் அளக்கப்படுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,500 ரூபாய்க்கு விற்ற ஒரு சவரன் தங்கம், 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைக் கடந்தது. அன்று முப்பது சவரனுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. அதே முப்பது சவரனுக்கு 2025 அக்டோபரில் 27 லட்சம் தேவைப்பட்டது. இந்த இடைவெளியில் எந்தத் தொழிலாளியின் கூலியும் எந்த ஆசிரியரின் ஊதியமும் இருபத்தைந்து மடங்கு உயரவில்லை. சவரன் எண்ணிக்கை மட்டும் குறைய மறுக்கிறது.

மண்டபம், சாப்பாடு, படப்பிடிப்பு, வரவேற்பு மேடை அலங்காரம் ஆகியவை தனி. நான் பணியாற்றிய துறையில் அலுவலக உதவியாளர் ஒருவர் இருந்தார். மகள் திருமணத்துக்காக வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்ததுபோக, ஐந்து லட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியிருந்தார். வட்டி மட்டும் மாதம் 10,000 ரூபாய். ஓய்வுபெறும் வரை அசலில் ஒரு ரூபாய்கூட அவரால் குறைக்க முடியவில்லை. மகளின் திருமணம் ஒரே நாளில் முடிந்தது. தந்தையின் முதுமைக்கான சேமிப்பும் அன்றே முடிந்துவிட்டது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழமொழி. வீட்டைக் கட்டியவருக்கு வீடாவது மிஞ்சுகிறது.

மாறாதது: வீட்டு வேலை

இரண்டாவது, பெரிதும் பேசப்படாதது. மத்திய அரசின் புள்ளியியல் துறை நடத்திய 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவது தெரியவந்தது. அதிலும், நூறு பெண்களில் 81 பேர் அவ்வேலையைச் செய்தார்கள். நூறு ஆண்களில் 26 பேர் மட்டுமே செய்தார்கள். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகச் சற்றுக் குறைந்தது. ஆண்களின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது!

289 நிமிடங்களை ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,750 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எட்டு மணி நேர வேலை நாள்களாக மாற்றினால் ஏறக்குறைய 220 நாள்கள். ஒரு கல்லூரியின் ஓராண்டு வேலைநாள்களைவிட அது அதிகம். வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குத் திருமணம் என்பது, சம்பளமில்லாத இரண்டாவது முழுநேர வேலையில் சேர்வது போன்றது என்று சொன்னால் மிகையாகாது.

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர், வகுப்பில் முதலிடம் பெற்றவர், திருமணத்துக்காக வேலையை விட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு சான்றிதழுக்காகக் கல்லூரிக்கு வந்தார். "சார், வாய்ப்புச் செலவு என்று நீங்கள் நடத்திய பாடம் அப்போது தேர்வுக்காகப் படித்தேன். இப்போதுதான் புரிகிறது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருடைய தங்கை முப்பது வயது வரை திருமணம் வேண்டாம் என்று இருப்பதாகவும் சொன்னார். தங்கைக்குப் பொறுமை இல்லை என்று அந்த வீட்டில் பேசியிருப்பார்கள். அவள் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்பதே என் எண்ணம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிழக்காசிய நாடுகள் சான்று. 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், மிக வேகமாக வளர்ந்த நாடுகளில் பெண்களின் வேலைவாய்ப்பு ஒரே தலைமுறையில் உயர்ந்தது, வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு அந்த வேகத்தில் உயரவில்லை என்கிறார். அத்தகைய நாடுகளில்தாம் பிறப்பு விகிதம் மிகக் கடுமையாக வீழ்ந்திருக்கிறது. தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023-இல் 0.72. சீனாவில் 2013-இல் 1.3 கோடிக்கு மேல் பதிவான திருமணங்கள் 2024-இல் 61 லட்சமாகச் சரிந்தன. தமிழகத்தின் கருவள விகிதம் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 1.8 ஆக இருந்தது. நாமும் அதே சாலையில் சற்றுப் பின்னால் சென்றுகொண்டிருக்கிறோம்.

பெண் கிடைக்காததன் பின்னணி

"பெண் கிடைக்கவில்லை" என்ற முறையீட்டுக்கும் வருவோம். அதில் ஒரு பகுதி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்கு. பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொடங்க வேண்டிய நிலை இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் பிறந்தால் செலவு என்று அஞ்சிய சமூகம், அன்று பிறக்கவிடாத பெண்களை இன்று மருமகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

மறு பகுதி, சாதி எல்லை. சாதி மறுப்புத் திருமணங்கள் இந்தியாவில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்பதை 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு காட்டியது. உட்பிரிவு, கோத்திரம், ஜாதகப் பொருத்தம், அரசு வேலை அல்லது மென்பொருள் வேலை, சொந்த வீடு என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்க்கும்போது தேர்ந்தெடுக்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது. விவசாயம் பார்க்கும் இளைஞருக்கும் சிறுகடை நடத்துபவருக்கும் நாற்பது வயதிலும் திருமணம் ஆகாததற்கு இதுவே காரணம். வேறு வட்டத்தில் விருப்பம் கொண்டவர்களையோ, சொந்தப் பெற்றோரே எதிரியாகக் கருதும் கொடுமை தொடர்கிறது. வயதுவந்த இருவர் தம் விருப்பப்படி மணப்பதில் எந்தக் கூட்டமும் பஞ்சாயத்தும் தலையிடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியும், ஆணவக் கொலைச் செய்திகள் நின்றபாடில்லை.

மணமுறிவு: அச்சமும் உண்மையும்

மணமுறிவு பெருகிவிட்டது என்ற அச்சத்தையும் எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மணமுறிவு பெற்றவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 13.6 லட்சம் பேர். மணமானோர் தொகையில் கால் விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் மணமுறிவு பெறாமலே பிரிந்து வாழ்வோர் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதாவது, நீதிமன்றத்துக்கு வருவது முறிந்த மணங்களில் சிறு பகுதி மட்டுமே. மற்றவை தாய் வீட்டின் பின்கட்டில், எந்தச் சட்டப் பாதுகாப்பும் இன்றி நடக்கின்றன. இரண்டு வகையிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்கள் மறுமணம் செய்துகொள்கிறார்கள் என்பது அதன் பொருள்.

1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணமுறிவுக்கு வழிவிட்டது. 1976 திருத்தம் பரஸ்பர ஒப்புதலுடன் பிரிய அனுமதித்தது. ஆறு மாதக் காத்திருப்புக் காலத்தைத் தக்க நேர்வுகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. மீட்க முடியாத அளவுக்கு முறிந்த மணத்தைத் தனது சிறப்பு அதிகாரத்தால் தானே முடித்துவைக்கலாம் என்று 2023-இல் அறிவித்தது. இவையெல்லாம் குடும்பத்தைக் குலைக்கும் என்போர் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் மணமுறிவை எளிதாக்கியபோது என்ன நேர்ந்தது என்பதை பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பெண்களின் தற்கொலை குறைந்தது. குடும்ப வன்முறையும் கணிசமாகக் குறைந்தது. வெளியேறும் கதவு திறந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தாலே வீட்டுக்குள் நடத்தை மாறுகிறது.

மணமுறிவால் துன்புறும் ஆண்களும் உண்டு. பொய்ப் புகாரில் முதிய பெற்றோர் அலைக்கழிக்கப்படும் நேர்வுகளும் உண்டு. புகார் வந்தவுடன் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது அதனால்தான். ஆனால் இந்த வழக்குகளின் அடியில் பெரும்பாலும் கிடப்பது பணம். நகை யாருடையது, வீட்டுக் கடனை யார் கட்டினார்கள், வேலையை விட்டவளின் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு நம் சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. மணவாழ்க்கையில் ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்ற கோட்பாடு கோவாவில் போர்த்துகீசியர் காலச் சட்டத்தின் வழியே இருக்கிறது; பிற மாநிலங்களில் இல்லை. பிரியும் மனைவிக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு; தன் உழைப்பும் கலந்த சொத்தில் பங்கு கேட்க வெளிப்படையான சட்டப்பிரிவு இல்லை.

இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் வழங்கிய தீர்ப்பு முக்கியமானது. கணவர் வெளிநாட்டில் ஈட்டினார். மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். மனைவியின் அந்த உழைப்பு இல்லாமல் கணவரால் ஈட்டியிருக்க முடியாது. எனவே அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் இல்லத்தரசியின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே தமிழக அரசு விளக்கியது. மாதம் 1,000 ரூபாய் அந்த உழைப்பின் விலை ஆகாது. ஆயினும், பல நூற்றாண்டுகள் பூஜ்யமாக எழுதப்பட்ட வரியில் ஓர் எண் விழுந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

திருமணம் தேவையற்றதாகிவிட்டது என்பது என் வாதம் அன்று. பழைய ஆதாயங்கள் சுருங்கினாலும் துணை, பிள்ளை வளர்ப்பு, நோயிலும் வேலையிழப்பிலும் ஒருவருக்கொருவர் தாங்கலாக இருத்தல் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டைச் சமூகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கொரோனா காலத்தில் ஒரு சம்பளம் நின்றபோது இன்னொரு சம்பளத்தால் நின்ற வீடுகள் எத்தனையோ. ஆகவே இந்த நிறுவனத்தைக் காக்க விரும்புவோர், அதன் விதிகளைத் திருத்த முன்வர வேண்டும்.

முதலாவதாக, மணவாழ்க்கையில் ஈட்டிய சொத்தில் இருவருக்கும் பங்கு என்பதைத் தீர்ப்புகளின் தயவில் விடாமல் சட்டமாக்க வேண்டும். வீட்டு வேலையும் ஈட்டலே என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், வேலையை விட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும், ஆணானாலும், பாதுகாப்புக் கிடைக்கும்.

இரண்டாவதாக, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. தந்தைக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள். தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை. பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை என்று சட்டமே சொல்லும்போது, எந்த நிறுவனம் பெண்ணை விரும்பிப் பணியமர்த்தும்? தந்தையர் விடுப்பும், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் சட்டம் கட்டாயமாக்கிய குழந்தைகள் காப்பகங்களும் நடைமுறைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, அரசால் செய்ய முடியாதது. பெற்றோரால் மட்டுமே முடிவது. மகளைப் படிக்க வைத்த அதே அக்கறையோடு மகனைச் சமைக்கவும் துவைக்கவும் பழக்க வேண்டும். தமிழகம் ஒரு தலைமுறையில் தன் மகள்களை மாற்றிக் காட்டியது. மகன்களுக்கு அந்தப் பயிற்சியை அளிக்க மறந்துவிட்டது. இன்றைய மணவாழ்க்கைச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறப்பவை.

நான்காவதாக, திருமணச் செலவை இரு வீட்டாரும் சரிபாதியாக ஏற்கும் வழக்கம் வர வேண்டும். தன் பணமும் செலவாகும்போது எந்தச் சம்பந்தியும் ஆயிரம் பேருக்கு இலை போடச் சொல்லமாட்டார்.

வரும் தை மாதத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் பலர் இதைப் படிக்கக்கூடும். முன்பணம் செலுத்துவதற்கு முன், மணமக்கள் இருவரையும் ஒரு மணி நேரம் தனியே பேச விடுங்கள். யாருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு கடன். திருமணத்துக்குப் பின் வேலையைத் தொடர்வது யார். வீட்டு வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்வது. இரு பக்கத்துப் பெற்றோரின் முதுமையை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் அவர்கள் விடை கண்டு வரட்டும். அந்தப் பேச்சில் ஒரு சம்பந்தம் நின்றுபோனால், அதற்காக வருந்த வேண்டியதில்லை. மண்டபம் பிடிக்கும் முன்பே அது தெரிந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.